உரத்தின் வேதியியலும் எங்கள் வயலும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் வேதியியல் 1971–74 அணியைச் சேர்ந்த ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னிடம் வந்து, "அண்ணே, நீங்க முப்பத்தஞ்சு வருஷம் மண் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர். உரத்தைப் பற்றிப் பேசுங்க. ஆனா பசங்க தூங்காம இருக்கணும்" என்றார். இரண்டாவது நிபந்தனைதான் கஷ்டம். ஆகவே பாடம் நடத்தப் போவதில்லை. நான் செய்த ஒரு தவறைச் சொல்லப் போகிறேன். அதற்குள்ளேயே பாடமும் இருக்கிறது.

1974-ல் இந்தக் கல்லூரியில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஊருக்குப் போனேன். வேலை கிடைக்கவில்லை. எங்களுக்குத் தஞ்சைப் பக்கம் அரை வேலி நிலம். அப்பா எழுத்துக் கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அப்பா அதுவரை வயலுக்குத் தொழு உரம் அடிப்பார், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவார், பேருக்குக் கொஞ்சம் யூரியா தெளிப்பார். நான் போய் உட்கார்ந்துகொண்டு, "என்னப்பா, எருவில் தழைச்சத்து அரை சதவீதம்கூடத் தேறாது. யூரியாவில் 46 சதவீதம். வண்டி வண்டியாக எரு அடிப்பதற்கு இரண்டு மூட்டை போதுமே" என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

கணக்கு தப்பில்லை. மாணவர்களே, நீங்களும் போட்டுப் பாருங்கள். யூரியாவின் மூலக்கூறு எடை 60. அதில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள், அதாவது 28. இருபத்தெட்டை அறுபதால் வகுத்தால் 46 சதவீதம் சொச்சம் வரும். அம்மோனியம் சல்பேட்டுக்கு இதே கணக்கைப் போட்டால் 21 சதவீதம்தான். அதனால்தான் ஒரு மூட்டை யூரியாவைத் தூக்குகிறவன், இரண்டு மூட்டைக்கும் மேலான அம்மோனியம் சல்பேட்டின் தழைச்சத்தைத் தூக்குகிறான்.

அந்த வருஷம் சம்பாவுக்கு எருவை நிறுத்தச் சொன்னேன். அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. எண்ணெய் நெருக்கடி வந்து 1974-ல் உர விலை கடுமையாக ஏறியிருந்தது. 1975-லும் அதன் சூடு ஆறவில்லை. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துத்தான் டி.ஏ.பி.யும் யூரியாவும் வாங்கினோம். ஐ.ஆர். 20 நட்டோம். அடியுரமாக டி.ஏ.பி.யைத் தாராளமாகப் போட்டேன்.

இதற்கு மேல் கதையைச் சொல்ல, கொஞ்சம் வேதியியல் வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். பயிர் அதற்குள்ளேதான் நிற்கிறது. ஆனாலும் அதனால் ஒரு துளிகூட எடுத்துக்கொள்ள முடியாது. காரணம், இரண்டு நைட்ரஜன் அணுக்களும் மூன்று பிணைப்புகளால் கைகோத்து நிற்கின்றன. அதைப் பிரிக்க ஒரு மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். 1909-ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற வேதியியலாளர் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர் அழுத்தத்தில் சேர்த்து அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக வடித்துக் காட்டினார். கார்ல் போஷ் என்ற பொறியாளர் அதைத் தொழிற்சாலையாக்கினார். 1913-ல் ஓப்பாவில் முதல் ஆலை ஓடத் தொடங்கியது.

லெ ஷாட்லியர் தத்துவம் என்று நம்மை உருப்போட வைத்தார்களே, அது இங்கேதான் உயிரோடு இருக்கிறது. நான்கு மூலக்கூறு சேர்ந்து இரண்டாகிறது. ஆகவே அழுத்தம் கூடினால் அம்மோனியா கூடும். வினை வெப்பத்தை வெளிவிடுகிறது. ஆகவே குளிர்ச்சியாக வைத்தால் அம்மோனியா கூடும். ஆனால் குளிர்ச்சியாக வைத்தால் வினை நகரவே நகராது! அதனால் இரண்டுக்கும் நடுவே 400, 500 டிகிரியில் நிறுத்தி, இரும்பு வினையூக்கியைப் போட்டு, இருநூறு வளிமண்டல அழுத்தத்தில் ஓட்டினார்கள். அந்த அம்மோனியாவோடு கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்தால் யூரியா. இன்று உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேருடைய சாப்பாடு இந்த ஒரு வினையை நம்பி இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற நம் உடம்பிலுள்ள நைட்ரஜனிலும் பெரும் பங்கு ஏதோ ஒரு தொழிற்சாலைக் குழாய் வழியே வந்ததுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதே ஹேபர்தான் 1915-ல் ஈப்ர போர்க்களத்தில் குளோரின் வாயுவைத் திறந்துவிட முன்னின்றவர். அதே ஆண்டு அவர் மனைவி கிளாரா, அவரும் வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர், தற்கொலை செய்துகொண்டார். 1918-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு ஹேபருக்குக் கிடைத்தது. சோறு போட்ட கையும் விஷம் வைத்த கையும் ஒரே கை. அறிவு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

சரி, மூட்டைக்குள் இருந்த யூரியா வயலுக்கு வந்தாயிற்று. அதோடு வேலை முடிந்ததா? இல்லை. மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதி அதை இரண்டு மூன்று நாளில் அம்மோனியமாக உடைத்துவிடும். அம்மோனியத்துக்கு நேர்மின்சுமை. களிமண்ணுக்கு எதிர்மின்சுமை. இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அது நல்லது. பிறகு நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபேக்டர் போன்ற நுண்ணுயிரிகள் அதை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டுக்கு எதிர்மின்சுமை. களிமண் அதைத் தள்ளிவிடும். தண்ணீரோடு அது கீழே போய்விடும். நெல் வயலில் காற்றில்லாத சேற்றுக்குள் போனால் மீண்டும் நைட்ரஜன் வாயுவாகிப் பறந்துவிடும். வழியில் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகும். புவியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல 270 மடங்கு வலிமை உள்ளது.

இன்னொரு வேடிக்கை. நெல் வயலில் தேங்கி நிற்கிற தண்ணீரில் பாசி இருக்கும். உச்சி வெயிலில் அந்தப் பாசி தண்ணீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிவிடுவதால் தண்ணீரின் காரத்தன்மை ஏறும். பி.ஹெச். 9-ஐயும் தாண்டும். அந்த நேரத்தில் தண்ணீரில் யூரியாவைத் தெளித்தால் அம்மோனியா வாயுவாகக் கிளம்பிவிடும். நிற்கிற தண்ணீரில் யூரியா போடாதே, வடித்துவிட்டுப் போடு என்று சொல்வது இதனால்தான். நெல்லுக்குப் போடுகிற தழைச்சத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம்தான். பாக்கி ஆற்றுக்கும் ஆகாயத்துக்கும் நாம் கொடுக்கிற தானம்.

இப்போது மீண்டும் 1975-க்கு வாருங்கள்.

நட்டு மூன்று வாரம் ஆயிற்று. பயிர் தூர் கட்டவில்லை. அப்படியே குந்தி நின்றது. அடி இலைகளில் துரு பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள். தூரத்திலிருந்து பார்த்தால் வயலில் திட்டுத் திட்டாகச் செம்பழுப்பு. அப்பா வரப்பில் நின்று, "ஏம்பா, இது என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பட்டதாரி இல்லையா! "தழைச்சத்துக் குறைச்சல்ப்பா. இன்னொரு மூட்டை யூரியா போடலாம்" என்றேன். போட்டோம். பத்து நாளில் பழுப்பு இன்னும் பரவியது.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நாலு பயிரை வேரோடு பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றி, அதற்குமேல் செய்தித்தாளைச் சுற்றி, பஸ் ஏறி இந்தக் கல்லூரிக்கு வந்தேன். நமக்குக் கனிம வேதியியல் நடத்திய பேராசிரியர் ஆய்வகத்தில் இருந்தார். பயிரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தம்பி, இது எனக்குத் தெரியாது. தெரியாததை ஊகிச்சுச் சொல்லி உன் வயலைக் கெடுக்க மாட்டேன். மண் பரிசோதனை நிலையத்துக்கு ஒரு கடிதம் தர்றேன், மண்ணையும் எடுத்துக்கிட்டுப் போ."

எத்தனையோ வகுப்பில் அவர் சொன்னதை மறந்துவிட்டேன். இதை மறக்கவில்லை. அவ்வளவு படித்த மனிதர் ஒரு நொடிகூடத் தயங்காமல் "தெரியாது" என்றார். நான் மூன்று வாரமாக வரப்பில் நின்று சொல்ல முடியாத சொல் அது.

மண் பரிசோதனை நிலையத்தில் பயிரைப் பார்த்த மாத்திரத்தில் அங்கிருந்தவர் கேட்டார்: "நிறைய டி.ஏ.பி. போட்டீங்களா? எரு போடலையா?" எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "துத்தநாகம் பத்தலை. வடக்கே இதுக்கு கைரா நோய்னு பேரு" என்றார்.

கைரா என்பது இமயமலை அடிவாரத்துத் தராய் பகுதியில் நெல்லைப் பிடித்த வியாதி. நோய்க் கிருமி என்றுதான் முதலில் பலரும் எண்ணினார்கள். 1966-ல் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒய்.எல். நேனே, அது கிருமியால் வருவதல்ல, துத்தநாகக் குறைவு என்று நிரூபித்தார். அந்த விஷயம் வெளியாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. வேதியியல் பட்டதாரியான நான்தான் அதைப் படிக்கவில்லை.

என்ன நடந்தது என்று பார்ப்போம். செடிக்கு இன்றியமையாத தனிமங்கள் 17. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மூன்றும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்துவிடும். தழைச்சத்து என்கிற நைட்ரஜன், மணிச்சத்து என்கிற பாஸ்பரஸ், சாம்பல் சத்து என்கிற பொட்டாசியம் மூன்றும் பெருமளவு வேண்டும். கால்சியம், மெக்னீசியம், கந்தகம் அடுத்த வரிசை. இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், செம்பு, போரான், மாலிப்டினம், குளோரின், நிக்கல் ஆகிய எட்டும் நுண்ணூட்டங்கள். சமையலில் பெருங்காயம் மாதிரி. கொஞ்சம்தான் வேண்டும், ஆனால் கட்டாயம் வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. பச்சையத்தின் நடுவில் மெக்னீசியம் உட்கார்ந்திருக்கும், அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன். அதனால்தான் தழைச்சத்து குறைந்தால் இலை வெளுக்கிறது. செல்லுக்குள் சக்தியைக் கைமாற்றுகிற ஏ.டி.பி.யில் பாஸ்பரஸ். பொட்டாசியம் எந்த மூலக்கூறிலும் கட்டுண்டு இருக்காது. சாற்றில் அயனியாகவே அலைந்துகொண்டு இலைத்துளைகளைத் திறந்து மூடும், தண்டுக்கு உறுதி தரும். துத்தநாகம் பல நொதிகளுக்கு அச்சாணி. வளர்ச்சி ஹார்மோனான ஆக்சின் உருவாகவும் அது வேண்டும். அது இல்லாவிட்டால் செடி குட்டையாகத்தான் நிற்கும்.

இதில் எது ஒன்று மிகக் குறைவோ, அதுதான் விளைச்சலை நிர்ணயிக்கும். மற்றதை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை. கார்ல் ஸ்ப்ரெங்கல் சொல்லி, லீபிக் பரப்பிய குறைம விதி இது. மரப்பீப்பாயில் ஒரு பலகை மட்டும் குட்டையாக இருந்தால் தண்ணீர் அந்த உயரத்துக்குத்தான் நிற்கும், இல்லையா? எங்கள் வயலில் துத்தநாகப் பலகை குட்டை. நான் யூரியாப் பலகையை உயரமாக்கிக்கொண்டிருந்தேன். அதோடு நிற்கவில்லை. தண்ணீர் தேங்கிய கார மண்ணில் துத்தநாகம் ஏற்கெனவே கரையாமல் கிடக்கும். அதில் நான் கொட்டிய பாஸ்பேட் அதை இன்னும் எட்டாமல் செய்தது. எருவிலிருந்து வருஷாவருஷம் கொஞ்சம் துத்தநாகம் வந்துகொண்டிருந்தது. அதையும் நிறுத்தியவன் நான்.

ஜிங்க் சல்பேட் அரை சதவீதக் கரைசல், அதாவது நூறு லிட்டர் தண்ணீருக்கு 500 கிராம் போட்டுத் தெளித்தோம். பத்துப் பன்னிரண்டு நாளில் புது இலை பச்சையாக வந்தது. ஏழு மா தப்பித்தது. மூன்று மா தப்பவில்லை. மாவுக்கு ஆறு மூட்டை காண்கிற வயலில் இரண்டு மூட்டை கண்டது, அதிலும் பதர். அடகு வைத்த சங்கிலி திரும்பவில்லை. அம்மா அதைப் பற்றிக் கடைசி வரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்பா மட்டும் அறுப்பு முடிந்த அன்று சொன்னார்: "படிச்சவன் சொன்னான்னு போட்டேன். பயிரையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

கணக்குப் பாருங்கள். நடவுக்கு முன்பே ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து போட்டிருந்தால் முடிந்திருக்கும். அதில் துத்தநாகம் இரண்டு கிலோ சொச்சம். இரண்டு கிலோ இல்லாததால் மூன்று மா போயிற்று. (அதை டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட்டோடு கலந்து போடாதீர்கள். துத்தநாக பாஸ்பேட்டாகி, கரையாமல் கிடந்துவிடும்.)

1977-ல் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன், 2012-ல் ஓய்வு பெற்றேன். அந்த முப்பத்தைந்து ஆண்டில் நான் பார்த்த பெரும்பாலான விவசாயிகள் எங்கள் அப்பாவைப் போலத்தான். யாரோ சொன்னதைக் கேட்டுப் போட்டவர்கள். இலை கறுத்தப் பச்சையாக இருந்தால் மனசு நிறையும். அந்தக் கறுத்தப் பச்சையைத் தேடித்தான் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் வரும். 1992 ஆகஸ்டில் பாஸ்பேட், பொட்டாஷ் உரங்களுக்கு விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். யூரியாவுக்கு மட்டும் கட்டுப்பாடு தொடர்ந்தது. மலிவானதை மனிதன் அதிகம் போடுவான். 4:2:1 என்று இருக்க வேண்டிய விகிதம் அதற்குப் பிறகு யூரியாப் பக்கம் சாய்ந்துவிட்டது.

மூட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கவும் தெரிய வேண்டும். டி.ஏ.பி. என்றால் 18:46. ஐம்பது கிலோ மூட்டையில் மணிச்சத்து 23 கிலோ, கூடவே தழைச்சத்து 9 கிலோ. அந்த ஒன்பது கிலோவைக் கழிக்காமல் யூரியா போடுகிறவர்கள்தான் அதிகம். 2018-லிருந்து யூரியா மூட்டை 45 கிலோ. அதில் தழைச்சத்து 20.7 கிலோ. இந்தக் கழித்தல் கூட்டல் எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆனால் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் இதில் இருக்கிறது.

இப்போது பலர் கேட்கிறார்கள்: "ரசாயனமே வேண்டாம், இயற்கை உரம் மட்டும் போதுமே?" நியாயமான கேள்வி. ஆனால் வேருக்கு நைட்ரேட் எருவிலிருந்து வந்ததா, மூட்டையிலிருந்து வந்ததா என்று தெரியாது. இரண்டும் ஒன்றேதான். தக்கைப்பூண்டின் வேர் முடிச்சில் இருக்கிற நுண்ணுயிரி இருநூறு வளிமண்டல அழுத்தம் இல்லாமலே, நம் வயல் வெப்பத்திலேயே நைட்ரஜனைப் பிரிக்கிறது. ஹேபருக்கு முன்பே அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கள் அப்பா படிக்காமலே அதைப் பயன்படுத்தினார். அதே நேரத்தில், 2021-ல் இலங்கையில் ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தார்கள். நெல் விளைச்சல் சரிந்தது, நவம்பரில் தடையைத் தளர்த்த வேண்டி வந்தது. ஒரே நாளில் எருவை நிறுத்தச் சொன்ன நானும், ஒரே நாளில் உரத்தை நிறுத்தச் சொன்னவர்களும் ஒரே தப்பைத்தான் செய்தோம். மண்ணைக் கேட்கவில்லை.

கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் ராதாம்ஸ்டெட்டில் 1843-லிருந்து நடப்பது போன்றது. தழைச்சத்து மட்டும் போட்ட பாத்தி, எல்லாச் சத்தும் போட்ட பாத்தி, எரு போட்ட பாத்தி என்று தனித்தனியாக வைத்து, தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வந்தார்கள். மாணவர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள். அவசரப்படாமல் மண்ணைக் கேட்பது என்றால் என்ன என்று அங்கே தெரியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கல்லூரியைச் சுற்றி எத்தனை கிராமம் இருக்கிறது! நம் வேதியியல் ஆய்வகத்தில் பி.ஹெச். மீட்டர் இருக்கிறது, தராசு இருக்கிறது, மாணவர்கள் இருக்கிறீர்கள். விடுமுறையில் நாலு பேராகப் போய் மண் மாதிரி எடுத்து வரலாம். வரப்போரம், எருக்குழி, மர நிழல் வேண்டாம். வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில 'வி' வடிவத்தில் 15 சென்டிமீட்டர் ஆழக் குழி வெட்டுங்கள். பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிடுங்கள். அரைக் கிலோ மிஞ்சும் வரை இப்படியே செய்து நிழலில் உலர்த்துங்கள். பி.ஹெச்., உப்பின் அளவு இரண்டையும் இங்கேயே பார்க்கலாம். மற்றதற்கு அரசு மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பலாம். முடிவு வந்ததும் அந்த விவசாயியின் வரப்பில் நின்று அவருக்குப் புரிகிற தமிழில் சொல்லுங்கள். தெரியாததைக் கேட்டால் "தெரியாது, கேட்டு வந்து சொல்றேங்க" என்று சொல்லுங்கள். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

இந்தப் பணிக்கு முதல் ஆண்டுச் செலவை எங்கள் 1971–74 அணி ஏற்றுக்கொள்கிறது. காலையில் டீ குடிக்கும்போதே நண்பர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். யாரும் பின்வாங்கக் கூடாது என்பதற்காகத்தான் மேடையில் சொல்கிறேன்.

எங்கள் பேராசிரியர் இன்று இல்லை. அவர் கொடுத்த அந்தக் கடிதத்தை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிட்டதால் அது என்னிடம் இல்லை. ஆனால் அதிலிருந்த ஒரு வரி நினைவிருக்கிறது: "இவர் என் மாணவர், கற்றுக்கொள்ள விரும்புகிறார்." இந்த எழுபது வயதுக்கு மேலும் என்னை யாராவது அறிமுகப்படுத்த வேண்டுமென்றால் அது போதும்.